ஏழாம் விதி

பிப்ரவரி. தார்த்து நகரம், பட்டாணித் தெரு.
(அடுத்தது அவரைத் தெரு, அதற்கப்பால் உருளைக்கிழங்குத் தெரு.
இங்கே யாரும் அதற்குச் சிரிப்பதில்லை.)
குளிரில் முறுக்கிக்கொண்ட பலகைச் சுவர்
டொக் என்று ஒருமுறை சொல்லிற்று.
அன்றைக்கு வீட்டில் அவ்வளவுதான் ஓசை.

நான் வீட்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்,
செங்கல் இல்லாமல், கொத்தனார் இல்லாமல்.
மேசைமேல் ஒரு சுவிட்ச். எட்டுத் துளை.
ஏழு பச்சை விளக்கு, ஒன்று மஞ்சள்.
பழைய கேபிள், அப்புறம் பார்க்கலாம்.
முப்பது வருடம் குடிநீர் நிலையத்தில்
வால்வு திறந்து மூடியவள் நான்.
எது எங்கே ஓடலாம் என்பது
எனக்குப் புதிய கேள்வி இல்லை.

பத்து: என் கணினி, வங்கி, வரி ரசீதுகள்.
இருபது: மாடியில் குடியிருக்கும் சனிதா.
லாட்வியாக்காரி, மாட்டு வைத்தியம் படிக்கிறாள்.
முப்பது: வாய் முளைத்த சாமான்கள்.
பல்புகள், துவைக்கும் இயந்திரம்,
நான்கு ஒலிபெருக்கி.

அந்தத் துவைக்கும் இயந்திரம்
ஒரே இரவில் நாற்பது முறை
எங்கோ சேதி அனுப்பியதைப் பார்த்துத்தான்
இந்த வேலையில் இறங்கினேன்.
என் காலுறை பற்றிச் சொல்ல
அப்படி என்ன இருக்கிறது?

விதிகள் எழுதினேன்.
முப்பதிலிருந்து பத்துக்கு வராதே.
வெளியே, பாட்டு வரும் இடத்துக்கு மட்டும் போ.
கேட்டால் பதில் சொல்,
கேட்காமல் பேச்செடுக்காதே.
பள்ளியில் எனக்குச் சொன்னதையெல்லாம்
பல்புக்குச் சொல்லி முடித்தேன்.

பிறகு கைப்பேசியில் ஒரு செல்லோவைத் தொட்டேன்.
அருகில் ஒலிபெருக்கி எதுவும் இல்லை என்றது.
மூன்றடி தள்ளி நிற்கிறது அது.
அதன் தலையில்தான் என் தேநீர்க் கோப்பை.

விசாரித்ததில் தெரிந்தது:
கைப்பேசி பெயர் சொல்லிக் கூப்பிடாதாம்.
கரண்ட் போன வீட்டில் போல,
பாடத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா என்று
பொதுவில் ஒரு குரல் விடுமாம்.
அந்தக் குரல் தன் அறை வாசலைத் தாண்டாது.
அடுத்த அறையில்,
பாடத் தெரிந்தது
தன்னை யாரும் கேட்கவில்லை என்று நிற்கும்.

ஆகவே குரல்களை அறைக்கு அறை
எடுத்துச் சொல்ல ஓர் ஆளை வைத்தேன்.
ஆள் என்றால் பதினொரு வரி நிரல்.
இரவு ஒன்றரை மணி.
ஏழாம் விதியில், 'எங்கிருந்து' என்ற கட்டத்தில்
பத்து என்று போட்டிருக்க வேண்டும்.
எவரும் என்று போட்டேன்.
சோதனைக்குத்தான். காலையில் மாற்றிக்கொள்ளலாம்.
செல்லோ வந்தது. தூங்கிவிட்டேன்.

நான்காம் நாள், மாலை ஆறு,
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கையில்
சமையலறை ஒலிபெருக்கி தானாகக் கனைத்தது.
அக்கார்டியன். அதன்மேல் ஒரு பெண்,
ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடாத மொழியில்.
சத்தம் ஏறிற்று. இன்னும் ஏறிற்று.
அலமாரியில் கரண்டிகள் நடுங்கின.
மேலே, தன் அறையில் ஒன்றும் கேட்காமல்,
சனிதா ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறாள்.
அவளும் தன்னுடையதற்குச்
சமையலறை என்றே பெயர் வைத்திருக்கிறாள்.

நிறுத்தப் போன கை ஈரமாயிருந்தது.
துடைத்தேன். மெதுவாகத் துடைத்தேன்.
பாட்டு முடியும்வரை துடைத்தேன்.

மாடிப்படியில் காலடி.
"விர்வே, மன்னிச்சுக்கோங்க, அது என் பாட்டா?"
"என் தப்பு," என்றேன். கண்ணெல்லாம் தண்ணீர்.
வெங்காயத்தைக் காட்டினேன்.

அன்றிரவே ஏழாம் விதியைத் திருத்தினேன்:
பத்து. வேறு யாருமில்லை.
முறை முறைதான்.
மஞ்சள் விளக்கின் கேபிளையும் மாற்றினேன்.

சனிக்கிழமை, எட்டாவது ஒன்று சேர்த்தேன்.
இருபதிலிருந்து, என் சமையலறைக்கு மட்டும்,
மாலை ஆறிலிருந்து ஏழு.
குறிப்பு எழுதும் இடத்தில்: வெங்காயம்.

சொன்னேன் அவளிடம்.
தேர்வு முடியட்டும் என்றாள்,
கையில் ஏதோ எலும்பின் படத்தோடு.

எட்டாம் விதிக்கு எதிரே
இதுவரை நுழைந்தவை: பூஜ்யம்.
மணி ஆறாகப் போகிறது.
கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.