தெப்பத்துக் கணக்கில் இரண்டு உழவாரன்கள்

மண்ணில் கால் வைக்காத பறவைக்கு
உழவாரன் என்று பேர் வைத்தவர் யாரோ.
சுரினாமில், புரோக்கோபோண்டோ ஏரிக்கு மேலே,
இரண்டு வகை உழுகின்றன.
விதைப்பு கிடையாது, நேரே அறுவடை:
ஈசல், பறக்கும் எறும்பு.

ஒன்று கத்தரிவாலன்.
வாலை ஊசியாக மடித்தே வைத்திருக்கும்.
திரும்பும்போது மட்டும் திறக்கும்,
துணியைத் தொடுமுன் தையல்காரர்
வெறுங்காற்றில் ஒருமுறை வெட்டிப் பார்ப்பாரே,
அப்படி.

மற்றது குட்டைவாலன்.
பாதி வாக்கியத்தில் யாரோ கூப்பிட
எழுந்து போனதுபோல் முடிகிற உடம்பு.
புகை நிறம், இடுப்பில் சாம்பல்.
வால் நுனியில் முள் உண்டு என்றான் பேலெகி.
ஒன்று தெப்பத்தில் மோதி விழுந்து
என் உள்ளங்கையில் குத்தும்வரை நம்பவில்லை.

கம்பெனி அலுவலக இறவாரத்தில்
கத்தரிவாலன் வீடு கட்டியதை மூன்று மாதம் பார்த்தேன்.
கிளி காத்துக் கிடந்து ஏமாந்த அதே இலவு;
இது காத்திருக்கவில்லை.
பறக்கிற பஞ்சைப் பறந்தே பிடித்து
எச்சிலால் ஒட்டி ஒட்டி
ஒரு முழுக்கையைத் தொங்கவிட்டது.
கீழே வாசல், உச்சியில் முட்டை.
கை மட்டும்தான். சட்டை இல்லை.

இலவமரத்தைச் சரமக்கர்கள் வெட்டமாட்டார்கள்.
உள்ளே ஆள் இருக்கிறது என்பாள்
சமையல்காரி டோஃபியா.
மற்ற மரங்களைப் பற்றி நான் கேட்டதில்லை.
கேட்டால் எனக்கு வேலை இல்லை.

குட்டைவாலன் பொந்தில் குடிபோகும்.
அணை எழுந்து, நீர் ஏறி,
நின்றபடியே செத்த மரங்கள் ஏரி முழுக்க.
பொந்துச் சுவரில் சுள்ளிகளை ஒட்டி
அரைத் தட்டு ஒன்று, அவ்வளவுதான் சீர்வரிசை.
அந்திக்கு அந்தி இருநூறு பறவைகள்
ஒரே மரத்துக்குள் ஊற்றப்படும்.

அந்த மரத்தைத்தான் செவ்வாய்க்கிழமை அறுத்தோம்.
பேலெகி இருபது மீட்டர் ஆழத்தில், ரம்பத்தோடு.
நான் மேலே, பேனாவோடு.
எண் 412. பொந்து. மூன்றாந்தரம்.
தட்டு உடையாமல் வந்தது, காலியாக.
என் நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

இருட்டும் நேரம் வந்தன.
அதே வட்டம், அதே உயரம்.
வாசல் இருந்த காற்றுக்குள்
ஒவ்வொன்றாக இறங்கி
தண்ணீரைக் கண்டு மேலேறின.
பேலெகி முகமூடியைக் கழற்றாமல் நின்றான்.

ஒன்றுக்குப் பிழைக்கத் தெரிந்திருக்கிறது,
மற்றதற்குத் தெரியவில்லை என்று
எழுதிவிடக் கை பரபரத்தது.
இறவாரமும் கம்பெனியுடையது என்பது
அப்புறம்தான் நினைவு வந்தது.

புதன், விடியுமுன்,
அடுப்பு மூட்டப் போன டோஃபியா கூப்பிட்டாள்.
செங்கல் புகைக்கூண்டுக்குள் மழைச்சத்தம்.
வெளியே மழை இல்லை.
தீப்பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு
பேலெகி வாசற்படியில் போய் உட்கார்ந்தான்.
எதுவும் சொல்லவில்லை.

காய்ந்த மரவள்ளி அடையை
பச்சைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றோம்,
பதினோரு பேர்.