மூன்றாம் வினாவின் நூல்

நாவலையில் இரண்டாம் மாடி.
ஏசி பழுதாகி மூன்று கிழமை.
ஒரே ஆங்கிலப் பக்கத்தைப்
பிரியந்தி சிங்களத்துக்குக் கொண்டுபோகிறாள்,
நான் தமிழுக்கு.
இருவருக்கும் சமமாக ஆறு வாரம் என்று
பணிப்பாளர் கையெழுத்திட்டிருக்கிறார்.

பன்னிரண்டாம் பாடம், மூன்றாம் வினா:
ஒன்றின் பின் ஒன்றாய் இரண்டு ரொக்கெட்டுகள்.
நடுவில் இழுத்துக் கட்டிய நூல்.
ஒரே கணத்தில் கிளம்புகின்றன,
ஒரே ஆர்முடுகல்.
நூல் அறுமா?

அறாது, என்றாள் பிரியந்தி பேனையைக் கடித்தபடி.
தரையில் நிற்பவனுக்கு
இடைவெளி ஒரு சாணும் கூடவில்லையே.
நானும் அறாது என்றுதான் நினைத்தேன்.
விடைத்தாள் சொன்னது: அறும்.

மாலை பம்பலப்பிட்டியில் கோச்சி.
எஞ்சின் இழுத்தது முதல் பெட்டிக்குத்தான் முதலில் தெரிந்தது.
பிறகு டக், டக், டக் என்று
கொக்கி கொக்கியாய் வந்து
கடைசிப் பெட்டியில் எங்கள் முழங்கால்களை உலுக்கியது.
வலப்பக்கம் கடல், உப்புக் காற்று,
கம்பியில் தொங்கும் பையன்கள்.

அப்போதுதான் பிடிபட்டது எனக்கு.
ஓடுகிற நூல் குறுகப் பார்க்கிறது.
சமமாய் ஓடும் இருவரும்
அதைக் குறுக விடுவதில்லை.
தரையில் நிற்பவன் அளப்பது இடைவெளியை;
நூலின் நோவை அல்ல.

அறாமல் இருக்க ஒரு வழி உண்டு, பக்கம் அறுபத்தொன்று:
பின்னால் வருவது கூடுதலாய் உந்தவேண்டும்,
முன்னால் போவது கொஞ்சம் மெல்ல.
அப்போது முன்னவரின் கடிகாரம் முந்தும்,
பின்னவருடையது பிந்தும்;
அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.
நூல் மிக நீண்டால்
வால்முனை ஒரு கோட்டுக்குப் போய்விடும்,
அங்கே எந்த உந்தும் போதாது.

இந்த ஓட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது?
விறைப்பு என்று எழுதினேன்;
பிணம் நினைவுக்கு வந்தது, அடித்தேன்.
உங்களுக்கு என்ன, என்று கேட்டேன்.
'த்ருட' என்றாள்.
அட, அது எங்கள் வீட்டில் திடம்.
இருவரும் சிரித்ததில்
வெள்ளவத்தையில் இறங்க மறந்து
தெகிவளை வரை போனேன்.

ஆங்கிலத்தில் நாற்பது வரி
என் கையில் நாற்பத்தேழாகிறது.
அதனால்தான் ஏழரைக்கே வந்து
காவலாளியை எழுப்பிக் கதவு திறக்கிறேன்.
அவள் ஒன்பதுக்கு வருவாள்.
ஏன் என்று கேட்டதில்லை இதுவரை.

மறுநாள் மத்தியானம் எட்டிப் பார்த்தேன்.
இன்னும் அறுபத்தொன்றில்தான் நிற்கிறேன், என்றாள்.
அவள் மேசையில் அறுபத்தாறு
மை காய்ந்து, கவிழ்ந்து கிடந்தது.
சோற்றுப் பார்சலை மெதுவாய்ப் பிரித்தாள்,
பலாக்காய்க் கறியில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.

உன் மணிக்கூடு ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது, என்றேன்.
தெரியும், என்றாள்,
திருத்தட்டுமா?

வேண்டாம்.