நாலு மில்லி குறைவு

பஞ்சப்பள்ளி அணை.
ஞாயிறு காலை ஆறேகால்.
சங்கத்துக் கொட்டகையில் முனிலட்சுமி சீட்டு கிழிக்கிறாள்.
ஆளுக்கு ஒரு தூண்டில், ஆறு மீன்.
ரோகு, கட்லா என்றால் முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே தொடக்கூடாது.
ஜிலேபிக்குக் கணக்கே இல்லை,
அள்ளிக்கொண்டு போங்க என்கிறாள்.
ஜிலேபி மேல் அவளுக்கு என்ன கோபமோ.
சினைமீன் என்றால் விட்டுவிட வேண்டும்.
அதைச் சொல்லும்போது மட்டும்
பேனாவை வைத்துவிட்டு
முகத்தைப் பார்த்தாள்.

வாரத்தில் ஆறு நாள்
ஓசூர் சிப்காட்டில் எனக்கும் இதே வேலைதான்.
ஷாஃப்ட்டை எடு, வெர்னியரில் பிடி.
மேல் வரம்பு, கீழ் வரம்பு.
இரண்டுக்கும் நடுவில் நின்றால் பச்சைப் பெட்டி.
பருத்துப்போனதை மறுபடி கடைந்துகொள்ளலாம்.
சிறுத்துப்போனதற்கு வழியில்லை.
சிவப்புப் பெட்டி,
அப்புறம் பழைய இரும்பு லாரி.

ஒன்பது மணி வரை இரண்டு ஜிலேபி.
கேழ்வரகு மாவு உருண்டையைத்
தண்ணீர் தின்றதா மீன் தின்றதா தெரியவில்லை.
சம்பங்கி பாறை நிழலில் படுத்து
மாரண்டஅள்ளியில் வாங்கிய போண்டாவை
எனக்கு மிச்சம் வைக்காமல் முடித்திருந்தான்.

பதினொன்றுக்குத் தக்கை முங்கியது.
சக்கரம் கிரீச்சிட்டது.
ரோகு.
செம்பு விளிம்பிட்ட செதில்,
வாயோரம் பழைய காயம்:
யாரோ ஒருவன் ஏற்கெனவே பிடித்து விட்டிருக்கிறான்.
தெர்மகோல் பெட்டி மூடியில் ஒட்டிய நாடாவில் கிடத்தினேன்.
இருபத்தொன்பது புள்ளி ஆறு.
நாலு மில்லி குறைவு.

"வாலைச் சேர்த்துப் பிடிடா" என்றான் சம்பங்கி,
"அரை சென்டி ஏறும்."
ஏறியது.
விரித்த வாலா, சேர்த்த வாலா,
சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மார்ச் மாசக் கடைசி, நைட் ஷிஃப்ட்,
டிஸ்பாட்ச் லாரி வாசலில் உறுமுகிறது.
வெர்னியர் தாடையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து
நாற்பது பீஸைப் பச்சைப் பெட்டிக்கு அனுப்பியவன் நான்.
எந்த வண்டியின் அடியில் சுற்றுகின்றனவோ.
யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறந்திருப்பேன்.

மீனின் செவுள் திறந்து மூடியது,
திறந்து மூடியது.
கையை நனைத்துக்கொண்டு வாலை விட்டேன்.
அது தானாக விரிந்தது.
சம்பங்கி பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது;
குழம்புக்கு அவன் வீட்டில்
மசாலா அரைத்துவைத்திருக்கிறார்கள்.

முழங்கால் தண்ணீரில் நின்று
தலையை மேற்கே திருப்பிப் பிடித்தேன்.
கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே கிடந்தது,
போகலாமா என்று யோசிப்பதுபோல்.
நான் பார்த்த மெஷின்களெல்லாம் சீவித்தள்ளும்.
கூட்டித் தருவதற்கு
இந்தச் சேற்றுத் தண்ணீர் ஒன்றுதான் இருக்கிறது.
ஒரு சுண்டு. போய்விட்டது.
சட்டையெல்லாம் தண்ணீர்.

சாயங்காலம் முனிலட்சுமி பெட்டியைத் திறந்து
ரெண்டு ஜிலேபியா என்று எழுதிக்கொண்டாள்.
ஒரு ரோகுவைத் திருப்பி விட்டேன் என்றேன்.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
எங்கள் கம்பெனியில் கழித்ததற்குத் தனி ரெஜிஸ்டரே உண்டு.

"எவ்வளவு குறைச்சல்?"
"நாலு மில்லி."
சிரித்துவிட்டாள்.
"புரட்டாசி கழிச்சு வாங்க,
உங்க மீன் அளவுக்கு வந்திருக்கும்."

பாலக்கோடு தாண்டும்வரை
சம்பங்கி என்னோடு பேசவில்லை.
நானும் ஜன்னல் பக்கம் திரும்பி
யோசித்துக்கொண்டே வந்தேன்,
அது எப்படி என் மீன்?