கடைமடை

இரவு பதினொன்றுக்கு மும்முனை மின்சாரம் வரும்.
ஊர் மோட்டார் போடும்.
நான் லேப்டாப்பைச் சொருகுவேன்.
தலைஞாயிறுக்கு மேற்கே, அரிச்சந்திரா ஆற்று மதகடியில்
பொதுப்பணித்துறை கொடுத்த ஒரு நாற்காலி,
நான் வாங்கிய ஒரு மவுஸ்,
ஷட்டர் தூக்கும் இரும்புக் கைப்பிடி.

பத்து வருடமாக அந்த ஒரு கம்பெனியின் கேம்தான்.
ஏதோ பனி பெய்யும் ஊரில் நாற்பது பேராம்.
கதை எழுதத் தெரிந்தவர்கள்,
குதிரை செய்யத் தெரியாதவர்கள்.
அவர்கள் செய்த குதிரை ஒன்று
கூரைமேல் ஏறி நின்றுவிட்டு இறங்கவே இல்லை.
அரசி அழுதபோது பல் வரிசை மட்டும்
முகத்தை விட்டு ஒரு முழம் தள்ளி அழுதது.
நானும் இளம்பரிதியும் புரைக்கேறச் சிரித்தோம்.
மறுநாள் இரவு
அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத் திரும்பப் போனோம்.

முதல் பாகத்தில் ஒரு படகோட்டி உண்டு.
பெயர் தோர்வன். கதைக்குத் தேவையில்லாதவன்.
தங்கைக்குக் காய்ச்சல், மருந்து வாங்கி வா என்றான்.
கோட்டை எரிந்துகொண்டிருந்தது. நான் போய்விட்டேன்.

இரண்டாம் பாகம் வர நாலு வருடம்.
அதற்குள் எனக்குக் கல்யாணம் பேசி முறிந்தது.
கஜா வந்து தென்னையெல்லாம் ஒரே பக்கமாய்ப் படுத்தது.
இந்தத் தற்காலிக லஸ்கர் வேலை கிடைத்தது.
மறுபடி அதே துறை, அதே படகு.
தோர்வன் திட்டவில்லை. கூலி பேசவில்லை.
தங்கை எங்கே என்று நானும் கேட்கவில்லை, அதற்குப் பொத்தான் இல்லை.
"ஏறுங்க" என்றான்.
அவ்வளவுதான்.

லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்து
மதகின்மேல் வெகுநேரம் நின்றேன்.
நாலு வருடமாக ஒருவன்
என்னை ஞாபகம் வைத்திருக்கிறான்,
அதுவும் நான் செய்யாத ஒன்றுக்காக.
வேலை நிரந்தரம் கேட்டு ஆறு மனு கொடுத்திருக்கிறேன்.
ஆறாவது முறையும் பெயர் என்ன என்றுதான் கேட்டார்கள்.

மூன்றாம் பாகம் முடிந்த அன்று
பைக்கை ஸ்டாண்டு போடாமலே உள்ளே வந்தான் இளம்பரிதி.
அவன் மருந்து வாங்கிக் கொடுத்தவன்.
மூன்று கேமிலும் ஒரு எறும்பை மிதிக்காமல் நடந்தவன்.
அவனுக்கும் எனக்கும் ஒரே கடற்கரை, ஒரே சூரியன்,
ஒரே இரண்டு கதவு.
எதைத் திறந்தாலும் ஒரே பாட்டு.

"முந்நூறு மணி நேரம்டா.
மேட்டூர்ல தொறந்தாச்சு, கல்லணைல பூ தூவியாச்சு,
பேப்பர்ல போட்டோவும் வந்தாச்சு.
கடைமடைக்கு வந்து சேர்ந்தாத்தானே அது தண்ணி?
எங்க ஊரு மாதிரியே பண்ணிட்டானுங்க."

வழியெல்லாம் இருந்ததே, நாம் நீந்தினோமே என்றேன்.
படகோட்டியைச் சொன்னேன். குதிரையைக்கூடச் சொன்னேன்.

"நீ மதகுல உக்காந்திருக்கவன்,
அப்படித்தான் சொல்லுவ."

போன ஆவணியில் முறை வைத்தபோது
இடது ஷட்டரை இரண்டு நாள் அதிகம் தூக்கி வைத்தேன்.
சொன்னது ஓவர்சியர். தூக்கியது இந்தக் கை.
வலது வாய்க்கால் எந்த ஊரில் போய் முடிகிறது
என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும்.
மூணு மா நாற்று மஞ்சளாகிப் போனதை
அவன் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.
கம்பெனியைத்தான் திட்டுகிறான்,
நரம்பு புடைக்க, பெயர் பெயராகச் சொல்லி,
ராத்திரி ஒன்றரை மணிவரை.

பிறகு தொண்டை கட்டிக்கொண்டது.
நாலாம் பாகம் அறிவிச்சிருக்கானுங்க, பாத்தியா என்றான்.
செத்தாலும் வாங்க மாட்டேன்.
நீ வாங்கினா சொல்லு, வரேன்.

விழுந்து கிடந்த பைக்கை நிமிர்த்தினான்.
மூன்று உதை உதைத்தான், நாலாவதில் பிடித்தது.
"நாலுரோட்டுல டீக்கடை இருக்கும்" என்றான்
என் பக்கம் பார்க்காமல்.
"ஏறு."