ஏழு பேர்

ஆஸ்பத்திரி ஜன்னலில் நீட்டியபோது
அது வெறும் பவுடர்.
போத்தலைத் தட்டி உதிர்த்து
கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடுவரை ஊற்றிக்
குலுக்கினாள் மிஸ்ஸி.
ரோஸ் நிறமாகிவிட்டது.
"ஏழு நாள். நல்லாயிட்டாலும் ஏழு நாள்"
தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு
விரல்களையும் காட்டினாள்,
ஒரு கை முழுசும், மறு கையில் இரண்டும்.

லேபலில் பேரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.
யதுர்ஷிகா, யாதுசிகா ஆகியிருந்தாள்.
திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.
காய்ச்சல் மட்டும் அவளைச் சரியாகத்தான்
கண்டுபிடித்து வந்திருந்தது.

எங்கள் மலையில் பேர் என்றால் வேறு.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
பிள்ளையோடு காம்பராவில் இருந்தால்
பேரே இல்லை.
ஆக, அவள் நெஞ்சுக்கு என் ஏழு பேர்.
வார்டில் ஊசியோடு போன மூன்றை
நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பெரட்டுக்குச் சங்கு ஊதும்போது காலை மூடி.
மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம் இன்னொன்று.
இரவு பத்துக்குப் போன் அலறும்.
முதல் மூடியை என் சட்டையிலேயே துப்பினாள்.
அந்த ரோஸ் கறை இன்னும் போகவில்லை.

பிரிட்ஜ் இல்லை.
ஜன்னல் கல்லில் வைத்தேன் போத்தலை.
இரவெல்லாம் எந்தக் குளிரைத் திட்டினேனோ
அதனிடமே மருந்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.
அடுப்பை இஸ்தோப்புக்கு மாற்றினேன்.
மழைச்சாரலில் விறகு அழுதது, அழட்டும்.

தூங்கும்போது சட்டையை உயர்த்தி
ஒரு நிமிசம் மூச்சை எண்ணச் சொல்லியிருந்தாள் மிஸ்ஸி.
முதல் ராத்திரி நாற்பத்தாறு.
தராசு ஏற ஏறச் சந்தோசப்பட்டே பழகியவள்
ஓர் எண் இறங்க வேண்டிக்கொண்டது அன்றுதான்.
நாற்பத்தொன்று. முப்பத்தாறு.

ஐந்தாம் நாள் சீனி தொட்டு ரொட்டி கேட்டாள்.
கோழியைத் துரத்திப் பீலிவரை ஓடினாள்.
கொழும்பிலிருந்து அவர்,
"அதான் சுகமாயிட்டாளே, வேலைக்குப் போயேன்."
பக்கத்துக் காம்பரா ஸ்டெல்லா வந்து நின்றாள்.
"மிச்சமிருந்தா குடேன்.
ஜொனாவுக்கும் இதே இருமல்தான்."

அரிசி கேட்டிருக்கிறாள், உப்பு கேட்டிருக்கிறாள்.
நானும் கேட்டிருக்கிறேன்.
எங்கள் இருவர் வாயிலும் இல்லை என்ற சொல்
வந்ததே கிடையாது.
போத்தலில் இரண்டு விரல் உயரம் ரோஸ்.
"இல்லடி. இது அவளுக்கு அளந்தது.
அவனை மஸ்கெலியாவுக்குக் கொண்டு போ."
ஒன்றும் பேசாமல் போனாள்.
கதவைச் சாத்திய விதம்தான் பேசியது.

லயத்துச் சுவர் கூரையைத் தொடாது.
இடைவெளி வழியே புகை வரும், சண்டை வரும்,
அன்று ஜொனாவின் மூச்சு வந்தது.
படுத்தபடியே எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு.
என் போன் பொய் சொல்கிறதோ என்று மறுபடியும்.
அறுபது.

எழுந்து சுவரில் குத்தினேன்.

கீழ் லயத்து த்ரீவீலை எழுப்பும்போது மணி மூன்று.
காசு பாதி அவளுடையது, பாதி என்னுடையது.
கம்பளிக்குள் யதுர்ஷிகா, பையில் அவள் போத்தல்.
பனிக்குள் வளைவுக்கு வளைவு ஹோர்ன்.
ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்கவேயில்லை.
கையை மட்டும் பிடித்திருந்தாள், வலிக்க வலிக்க.

அவனுக்கு ஒட்சிசன் வைத்தார்கள்.
வார்டு வாங்கில் உட்கார்ந்து
ஆறு மணி மூடியை நான் யதுர்ஷிகாவுக்குக் கொடுத்தேன்.
நாலு நாளைக்குப் பிறகு
அவனுக்கும் ஒரு ஜன்னலில் புதுப் போத்தல் வந்தபோது
ஸ்டெல்லா பேசவிடவில்லை யாரையும்.
ஜொ-னா-தன் என்று
எழுத்து எழுத்தாகச் சொன்னாளாம்.

வேலைக்குப் போன முதல் நாள் பதினாறு கிலோ.
அரைப்பேர்.
வந்து பார்த்தால்
காலிப் போத்தலில் பீலித் தண்ணீர் பிடித்து
குலுக்கு குலுக்கென்று குலுக்குகிறாள் மகள்.
"ஏம்மா ரோஸ் ஆக மாட்டேங்குது?"