உத்தேசம் நானூறு

கூந்தன்குளத்துக்குக் காமிராக்காரர்கள் போனார்கள்.
எங்களுக்கு விழுந்த சீட்டு நொச்சிகுளம்.
மூலைக்கரைப்பட்டி தாண்டி
காற்றாலை எட்டு, பனை எண்ணூறு,
அப்புறம் ஒரு கரை.
பொங்கல் கழிந்த ஞாயிறு.
கரும்புச் சக்கையை மிதித்துக்கொண்டு ஏறினோம்.

நான் கூட்டுறவு வங்கியில் காசாளர்.
வாரம் ஆறு நாள் எண்ணுகிறவளை
ஏழாம் நாளும் எண்ணக் கூப்பிட்டார்கள்.
நோட்டென்றால் நூற்றுக்கொரு பட்டை போடலாம்.
தண்ணீர்மேல் கிடப்பதை
எதால் கட்டுவது?

மைதீன் பிச்சைக்கு மேலப்பாளையத்தில் பைக் பட்டறை.
சிந்திய பேரிங் குண்டுகளைப் பொறுக்குவதுபோல
ஒன்று ஒன்றாகத்தான் எண்ணுவார்,
உதடு அசையும்.
நான் பத்துப் பத்தாக அள்ளிப் போடுவேன்.
ஊசிவால் வாத்தில்
எனக்கு நானூற்றுப் பத்து.
அவருக்கு முந்நூற்று எண்பத்தேழு.
"அந்த ஏழு எங்கேயிருந்து வந்தது?" என்றேன்.
"சைபீரியாவுல இருந்துதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்து
சேற்றுப் பருந்தொன்று குளத்தின் குறுக்கே,
அவசரமே இல்லாமல்,
தணிக்கை அதிகாரி உள்ளே நுழைவதுபோல.
மொத்தக் குளமும் எழுந்து நின்றது.
ஒரு கூழைக்கடா மட்டும்
பென்ஷன் வாங்குகிற அலட்சியத்தில்
இருந்த இடத்திலேயே இருந்தது.
சீலை கிழிகிற சத்தம் தலைக்குமேல் போனது.
தூக்கின கால்களிலிருந்து சொட்டின தண்ணீர்
அவை இல்லாத இடத்தில்
இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பவும் முதலில் இருந்து.
இந்தத் தடவை
எனக்கு முந்நூற்றுத் தொண்ணூறு,
அவருக்கு நானூற்று ஒன்று.
நடுவில் வெட்டி
'உத்தேசம் நானூறு' என்று எழுதினோம்.
வங்கியில் இப்படி எழுதினால் வேலை போய்விடும்.

மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு
உச்சிமாகாளி வந்தார்.
எங்கள் தொலைநோக்கியைப் பார்த்தார், எங்களை அல்ல.
"நீலக்கோழி எத்தனைவே?"
"அறுபத்திரண்டு அண்ணாச்சி."
"பகல்ல அறுபத்திரண்டு. ராத்திரி எம்வயல்ல
நூத்தம்பது நிக்கு. அங்க வந்து எண்ணும்."
மடைக்கு மேற்கே அவருடைய பிசானம்.
குருத்தோடு ஒடித்துப் போட்டுவிட்டுப் போகிறதாம்,
தின்றால்கூடப் பரவாயில்லையாம்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"இதையும் எழுதும்மா.
கவருமென்டு படிக்கும்லா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
இனம். எண்ணிக்கை. நேரம். காற்று. மேகம்.
ஓரத்தில் விரல்நகம் அகலத்துக்கு 'குறிப்பு'.
அதற்குள் ஒடுக்கி எழுதினேன்:
உச்சிமாகாளி, ஆறு மரக்கால் விதைப்பாடு.
எட்டிப் பார்த்தார்.
"ஏழு" என்றார்.
அடித்துத் திருத்தினேன்.
அன்றைக்குச் சரியாக வந்த கணக்கு
ஒருவேளை அது ஒன்றுதான்.

இல்லை, இன்னொன்றும் உண்டு.
கிளம்பும்போது சம்புக்கோரை அடியில்
தவிட்டு நிறத்தில் ஏதோ அசைந்தது.
பிச்சை நீலச்சிறகி என்றார், பெட்டை.
நான் கிளுவை என்றேன்.
எங்கள் வழக்கு முடியும்வரை காத்திருக்காமல்
அது கோரைக்குள் போய்விட்டது.
'அடையாளம் தெரியாதது: 1.'
இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட எண்.

பத்தரை மணி, முக்குக் கடை, டீயும் வடையும்.
படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாயிற்று,
கையெழுத்தும் போட்டாயிற்று.
அப்போது குளத்துப் பக்கம் ஒரு வெடி.
உச்சிமாகாளியாகத்தான் இருக்கும்.
பனங்கூட்டத்துக்கு மேலே அத்தனையும் கிளம்பின.
நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன்,
நாங்கள் தகராறு செய்த இருபத்து மூன்று வாத்துகள்,
பேர் தெரியாத அந்த ஒன்றும்
அதற்குள் எங்கோ.

நான் எண்ணவில்லை.
வடையைப் பிய்த்துக்கொண்டு சும்மா பார்த்தேன்.
பிச்சையின் டம்ளர்
பாதி வழியில் நின்றுவிட்டது.
உதடு அசைந்துகொண்டிருந்தது.