துயரில்லாதவனின் காவல்

எட்டு மணிக்குப் பேருந்தில் வந்து இறங்குகிறேன்.
எட்டே காலுக்கு ஆண்டு ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து நான்கு.
இடையில் இருப்பது ஓர் இரும்பு அலமாரி,
ஈரம் காயாத கம்பளிக் கோட்டு,
இரண்டு காலுக்கும் ஒரே அச்சில் தைத்த சப்பாத்து.
இடது வலது கிடையாது.
"மாற்றி மாற்றிப் போடு, ஒரே அளவாய்த் தேயும்" என்பாள்
கார்ப்பரல் கிளோதில்த் பூத்ரோ.
பனிக்காலத்தில் அவள்
பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறாள்.

கேப் பிரெட்டனின் இந்த முனையில்
கடல் தெரியாது, கேட்கும்.
மூடுபனி கொத்தளத்தின் மேல் ஏறி
சுற்றுலாப் பயணிகளுக்கு முன்பே
டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்துவிடும்.

பழைய பதிவேட்டில் இருந்து
ஆளுக்கொரு பட்டப்பெயர் கொடுத்தார்கள்.
எனக்கு வந்தது சான் ஷக்ரான்.
துயரில்லாதவன் என்று பொருள்.
உயரம் ஐந்தடி இரண்டங்குலம். செம்பட்டை முடி.
முன்தொழில்: செருப்புத் தைத்தல்.
இறந்த இடம் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை.
நான் ஐந்தடி பதினொன்று. மொட்டைத் தலை.
நண்டுப் படகை விற்ற மறுமாதம்
துயரில்லாதவன் ஆனேன்.

"எத்தனை பேரைக் கொன்றாய்?"
பிள்ளைகள் கேட்பது இது ஒன்றுதான்.
விறகு சுமந்தேன் என்பேன்.
சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்தேன்.
பட்டாணியில் புழு பொறுக்கினேன்,
பிறகு பொறுக்குவதையும் விட்டேன்.
ஒரு பையன் மட்டும் போகாமல் நின்றான்:
"புழு என்ன நிறம்?"

ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்.
அப்படித்தான் அன்றும்.
ஒருவன் காவலுக்குப் போவான்,
மற்றவன் அவன் விட்டுப்போன சூட்டில் உறங்குவான்.
என் கட்டிலில் பாதி எமெரிக்.
பட்டப்பெயர் லா தூலிப், பூவின் பெயர்.
இருபது வயது. தூக்கத்தில் உதைப்பான்.
ஈயப் பித்தான் ஒன்று தொலைந்ததற்கு
சம்பளத்தில் நாலரை டாலர் பிடித்தார்கள்.
பதிவேட்டைத் திறந்து காட்டினான்:
அசல் லா தூலிப்புக்கும் பிடித்திருந்தார்கள்,
கோட்டுக்கு, ரொட்டிக்கு, இன்னும் எதற்கோ.
"பாவம், அவனுக்கு ஆல்பர்ட்டா இல்லை" என்றான்.

சனிக்கிழமைகளில் விருந்தினர்
பணம் கட்டிக் கோட்டைக்குள் உறங்குவார்கள்.
அவர்களுக்காக விடியும்வரை உண்மையாகக் காவல்.
இரண்டு மணிக்கு என்னை மாற்ற எமெரிக் வரவேண்டும்.
இரண்டரை. மூன்று.
பனிக்குள் ஏதோ அசைந்தது.
அடையாளச் சொல் கேட்டேன். பதில் இல்லை.
ஓநாயாக இருக்கலாம், இங்கே சின்ன ஓநாய்கள் உண்டு.
துப்பாக்கியை நீட்டியபடி நின்றேன்,
குண்டில்லாத துப்பாக்கியை,
கை நடுங்கும்வரை.

நான்கு மணிக்குப் பாசறைக்குள் போனேன்.
கட்டிலில் கோட்டு மடித்திருந்தது,
பன்னிரண்டு பித்தானும் எண்ணிப் பார்க்கும்படி
மேலே பரப்பி.
அலமாரியில் அவனுடைய ரப்பர் பூட்ஸ் அப்படியே.
சப்பாத்தைத்தான் காணோம்.

காலை அணிவகுப்பு.
கிளோதில்த் பெயர் வாசித்தாள்.
லா தூலிப்.
முரசு.
லா தூலிப்.
முரசு. பயணிகள் கைபேசியை உயர்த்தினார்கள்.
மூன்றாம் முறை அவள் குரல் கரகரத்தது,
பிரமாதம் என்று யாரோ கைதட்டினார்கள்.
வாத்து இறகைத் தொட்டு எழுதினாள்: ஓடிப்போனான்.
மணல் தூவி உலர்த்தினாள்.
பிறகு வெடிமருந்துக் கிடங்கின் பின்னால் போய்
அவன் அம்மாவுக்குப் போன் செய்தாள்.
வெகுநேரம் "உய், உய்" என்று மட்டும்
சொல்லிக்கொண்டிருந்தாள்.

அகழி ஓரச் சேற்றில் தடம் இருந்தது,
சாலைவரை, இடதா வலதா தெரியாமல்.
சப்பாத்தின் விலை நூற்று நாற்பது டாலர்.
கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அன்றிரவு எனக்குக் காவல் இல்லை.
கட்டில் முழுவதும் எனக்குத்தான்.
என் பாதியில் படுத்துக்கொண்டேன்,
உதைக்கு இடம் விட்டு.